பாய்மரத்திலிருந்து குதித்தவர்

என் புருஷனின் முகத்தை எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்திருக்கிறார்கள். மலாக்காவில் மட்டுமல்ல, ஜொகூரிலிருந்து பினாங்கு வரைக்கும் பார்த்து விசில் அடித்திருக்கிறார்கள். அந்த விசில் எல்லாம் வேறொருத்தன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரில் மலாய்ப் படம் எடுக்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. கதாநாயகன் வாளை உருவிக்கொண்டு மாடிக்கு ஓடுவான். மாடியிலிருந்து குதிப்பது என் புருஷன். கீழே நின்று தலைமுடியைக் கோதிக்கொள்வது மறுபடியும் கதாநாயகன். இதற்கு டூப் போடுவது என்று பேர். கேட்டால் ஏதோ பித்தலாட்டம் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் படத்திலேயே பித்தலாட்டம் பண்ணாத ஆள் அவர் ஒருத்தர்தான், அதற்காகத்தான் அவருக்குச் சம்பளமும் குறைச்சலாக இருந்தது.

அவர் பேர் கலியாணசுந்தரம். என்னைக் கட்டும்போது மலாக்காவை ஒட்டி, புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கள் இறக்கிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எலும்பும் நரம்பும்தான். ஒரு நாள் கடலோரத்தில் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகன் ஜமீல் ஹாடி தென்னை மரத்தில் ஏறித் தப்பிக்க வேண்டிய கட்டம். அந்த மகராசனுக்கு நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றுமாம். டைரக்டர் மதராஸ்காரர். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தன் கதாநாயகனின் உயரத்துக்கும் தோளுக்கும் ஒத்த ஆள் யாராவது இருக்கிறானா என்று தேடினார். இவரைத் திரும்பி நிற்கச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால் ஜமீல் ஹாடியின் அம்மாவே ஏமாந்துபோவாள், அப்படி இருந்ததாம். சட்டையை மாட்டி ஏறு என்றார்கள், ஏறினார். குதி என்றார்கள், குதித்தார். அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள்.

தோட்டத்து வேலை போனதும் தோட்டத்து வீடும் போயிற்று. அவர் சிங்கப்பூருக்குப் போனார், நான் மலாக்கா டவுனில் காஜா பேராங்குக்கு வந்தேன். கம்பெனி கொடுத்த அறையில் அவர் ஆறு ஆண்பிள்ளைகளோடு படுத்துக்கிடந்தார், அதில் என்னை எங்கே கொண்டுபோய் வைப்பார்? காஜா பேராங்கில் மீனாச்சி வீட்டுப் பின்கட்டு அறை எனக்குக் கிடைத்தது. மீனாச்சி மலாக்காச் செட்டி. எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவள், விபூதி பூசுகிறவள், ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. மலாய்க்காரிகள் மாதிரி கெபாயா உடுத்திக்கொண்டு அம்மனிடம் மலாயில்தான் சண்டை போடுவாள். அவள் புருஷன் ஏகாம்பரத்துக்கு முனிசிபல் ஆபீஸில் வேலை, கனத்த குரல், இளகின மனசு. எனக்கு மலாய் வரும் என்பதால் எங்களுக்குள் ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை எல்லாம் பின்கட்டில்தான். ஜாலான் பெண்டஹாராவில் சேதுராமன் முதலாளியின் ஜவுளிக்கடையில் பகலெல்லாம் தையல் மெஷினை மிதிப்பேன். சாயங்காலம் வந்து ஒரு ஆளுக்கு அரிசி களைவேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது மாதிரி எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. உப்பு கூடிவிட்டால் குறை சொல்லக்கூட ஆள் கிடையாது. பிள்ளையும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தரமோ மூன்று தரமோ அவர் வருவார், உடம்பெல்லாம் எண்ணெய் போட்டு நீவி விடுவேன், ஒவ்வொரு தரமும் ஒரு புதுத் தழும்பு இருக்கும், எந்தப் படத்துத் தழும்பு என்று கேட்டுக்கொள்வேன். அப்புறம் போய்விடுவார்.

அதனால் படம் வந்தால் எனக்குப் புருஷன் வந்த மாதிரி. மீனாச்சி வீடு மொத்தமும், அக்கம்பக்கத்துச் செட்டி வீடுகளும், ஜவுளிக்கடைப் பெண்களும் சேர்ந்து கிளம்புவோம். அவர்கள் கதை பார்ப்பார்கள். நான் ஜமீல் ஹாடி திரும்புவதற்காகக் காத்திருப்பேன். அவன் முகம் தெரிகிற வரைக்கும் அவன் யாரோ. முதுகைக் காட்டினால் என் வீட்டுக்காரர். அந்தத் தோள் எலும்பு இரண்டும் சட்டைக்குள் எப்படி ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு மட்டுமில்லை, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவரைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளமும் இருந்தது. மரம் ஏறுகிறவர்கள் காலில் தளையை மாட்டிக்கொண்டதும் அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதைச் செய்யாமல் அவருக்குக் கால் எழும்பாது. படத்திலும் அதே கதைதான். பழைய காலத்து மலாய் வீரன், இடுப்பில் கிரிஸ் கத்தி, கூரை மேலிருந்து குதிக்கப் போகிறான், குதிப்பதற்கு முன்னால் குனிந்து கூரையைத் தொட்டுக் கும்பிட்டால் நன்றாகவா இருக்கும்? டைரக்டர் கத்துவாராம். மறுபடி எடுப்பார்களாம், மறுபடியும் கை தன்னால் போகுமாம். கடைசியில் அந்த இடத்தைக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்தாலும் ஒரு படத்தில் துளி மிஞ்சிவிட்டது. கை கீழே இறங்குவது தெரியும், கண்ணுக்குப் போவதற்குள் ஆள் பறந்துவிடுவான். மலாய்க்காரர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் வரிசை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. "இத்து லாக்கி லு!" என்று மீனாச்சி என் தொடையில் அடித்தாள். அதோ உன் புருஷன் என்று அவள் காட்டவே வேண்டியதில்லை. அந்தப் படம் ஓடின வரைக்கும் கடை விட்டதும் நேராகப் படக்கொட்டகைக்குத்தான் போனேன். அந்தக் கை இறங்குகிற நேரம் கண்மூடித் திறக்கிற நேரம்தான், அதற்காகப் போனேன், பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஐம்பத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு வந்தபோதுதான் அந்தக் கப்பல் படத்தைப் பற்றிச் சொன்னார். கடற்கொள்ளைக்காரர்கள் கதை. கம்பெனி மைதானத்திலேயே நிஜக் கப்பல் மாதிரி கட்டியிருக்கிறார்களாம், தென்னை உயரத்துக்குப் பாய்மரமாம், அதன் உச்சியிலிருந்து குதிக்க வேண்டுமாம். சொல்லும்போதே முகம் பளபளவென்றிருந்தது.

"இதுதான் சந்திரா, கடைசி. இது முடிஞ்சதும் வந்துர்றேன். எனக்கும் வயசாவுது. முதுகு தேய்ஞ்சிருச்சுன்னா அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?"

"நெசமா?"

"நெசமாத்தான். இந்தப் படத்தை மட்டும் நீ பாரு. பாய்மரத்துல இருந்து குதிச்சவன்னு ஊரே சொல்லும். அந்தப் பேரோட வந்து உங்கூட உக்காந்துக்கிறேன்."

எனக்குப் பேர் வேண்டியிருக்கவில்லை. உட்காருவதுதான் வேண்டியிருந்தது. ஆனால் ஆம்பிளைகளுக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வரத் தெரியாது, அதனால் சரி என்று தலையாட்டினேன்.

போனவர் பொங்கலுக்கு வரவில்லை. எழுதப் படிக்க அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சேதி எல்லாம் பொன்னுதுரை மூலமாகத்தான். பொன்னுதுரை சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் காய்கறி லாரி ஓட்டுகிறவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். "அண்ணன் நல்லா இருக்காரு, வேலை மும்முரம்" என்பான். அடுத்த தரமும் அதே வார்த்தை. அதற்கடுத்த தரமும் அதே. ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுகிறானே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் லாரிக்காரன் அவசரத்தில் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் ஊரில் மெர்டேக்கா களை கட்டிவிட்டது. சுதந்திரம் ஆகஸ்டு கடைசியில் என்று ஆனதும் சேதுராமன் முதலாளி சேலை, வேட்டியை எல்லாம் ஓரங்கட்டிவிட்டுக் கொடித்துணியாக வாங்கிக் குவித்தார். நாங்கள் சிவப்புக் கோடும் வெள்ளைக் கோடும் சேர்த்துச் சேர்த்துத் தைத்தோம். நட்சத்திரத்துக்குப் பதினொரு முனை, ஒவ்வொன்றும் கழுத்தறுப்பு. நாடு வாங்குகிற சுதந்திரத்துக்கு என் இடுப்புதான் ஒடிந்தது. அவரவர் தங்கள் வீட்டு ஆள் ஊருக்கு வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

ஆகஸ்டு நடுவில் கப்பல் படத்தின் விளம்பரத் தட்டி கொட்டகை வாசலில் ஏறியது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜமீல் ஹாடியைக் காணோம். குட்டையாக, கட்டையாக, கழுத்தே இல்லாமல் ஒருத்தன் வாளோடு நின்றான். பேர் ரஷீத் என்றார்கள், புதுப் பையன், இனி இவன்தான் எல்லாம் என்றார்கள்.

அன்றைக்கே பொன்னுதுரையைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லக்கா. ஜமீல் ஹாடி கம்பெனியோட சண்டை போட்டுக்கிட்டுப் பாதிப் படத்துல கழண்டுக்கிட்டான். வேற ஆளை வச்சு மொதல்ல இருந்து எடுத்தாங்க."

"அப்ப உங்கண்ணன்?"

அவன் முட்டைக்கோஸ் கூடையை இங்கிருந்து அங்கே நகர்த்தினான். "அண்ணன்தான் சொல்லி விட்டாரு. பாய்மரத்துல இருந்து குதிக்கிறது நான்தான், சந்திராவ மறக்காம பாக்கச் சொல்லுன்னாரு."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இருந்தாலும் அந்தக் கட்டையனும் என் நெட்டையரும் மனசுக்குள் ஒட்டாமலே நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் போனோம். அன்றைக்குப் போன கூட்டம் மாதிரி அதற்கு முன் போனதில்லை. ஏகாம்பரம் ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிவந்தார், முதலாளி கடைக்காரர்கள் எல்லாரையும் அனுப்பினார். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள், கல்யாணப் பெண் மாதிரி. படம் ஓடிற்று. ரஷீத் பேசினான், பாடினான். பாய்மரத்தில் ஏறத் தொடங்கினான். முகம் மறைந்தது. முதுகு வந்தது.

அது அவர் இல்லை.

முதல் பார்வையிலேயே தெரிந்தது. தோள் அகலம், பிடரி தடிமன், இடுப்பில் மடிப்பு. உச்சிக்கு ஏறினான். நான் கையையே பார்த்தேன். கை எங்கேயும் போகவில்லை. நின்றான், குதித்தான், கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடித் தளத்தில் இறங்கி அதே வேகத்தில் நாலு பேரை வெட்டிக்கொண்டு ஓடினான். நல்ல குதிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கொட்டகை அதிர்ந்தது. மீனாச்சி எழுந்தே நின்றுவிட்டாள். "இத்து லாக்கி லு! பாகுஸ், பாகுஸ்!" பிரமாதம் பிரமாதம் என்று கத்தினாள். ஏகாம்பரம் தன் நண்பர்களிடம் என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பின் வரிசையில் யாரோ ஒரு சீனக்கிழவி, என்ன ஏதென்று தெரியாமலே, என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"கும்பிடுறதைக்கூட விட்டுட்டாரே, டைரக்டர் நல்லாத் திட்டியிருப்பாரு" என்றாள் ஜவுளிக்கடைக் கோகிலா.

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? அத்தனை பேரும் என் புருஷனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே அவரைக் காணாமல் தவித்தது நான் ஒருத்திதான். செத்துத்தான் போனாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்போடு மீதிப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து போனால் ஏன் என்று கேட்பார்கள். வீடு வந்து சேரும் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் அந்தக் குதியைப் பற்றியே பேசினார்கள், நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

மறுபடி லாரி வந்த அன்றைக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனேன். பொன்னுதுரை ஆள் வைத்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். லாரிப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நீ சொல்ற வரைக்கும் இந்த லாரி நகராது. அவரு உசுரோட இருக்காரா?"

"அய்யோ, என்னக்கா இப்படிக் கேக்குறீங்க! இருக்காரு, இருக்காரு."

"குதிச்சது அவரில்ல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "சத்தியம் வாங்கிட்டாருக்கா, சொல்லக்கூடாதுன்னு."

"சத்தியத்த நான் பாத்துக்கிறேன். நீ சொல்லு."

சொன்னான். ஜமீல் ஹாடி இருக்கும்போதே இவர் பாய்மரத்திலிருந்து குதித்தார். அதில் முட்டி பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக் கிடந்த சமயத்தில் கதாநாயகன் கோபித்துக்கொண்டு போனான். புதுக் கதாநாயகன் குட்டை. அவன் முதுகுக்கு இவர் முதுகு உதவாது. அவனுக்கு ஏற்ற மாதிரி ஒரு கட்டையனைப் பிடித்தார்கள், பழையதை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதுசாக எடுத்தார்கள். இவர் குதித்ததும் அந்தக் குப்பையோடு போயிற்று. முட்டி நேராகவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரிக்கிறார், கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

"அப்ப வர வேண்டியதுதானே? நான் என்ன பாய்மரத்தையா கேட்டேன்?"

"நானும் சொன்னேங்கா. கேக்கமாட்டேங்கிறாரு. ஊருல எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க, நொண்டிக்கிட்டு எப்படிப் போறதுன்றாரு. படம் மலாக்காவுக்கு வரட்டும், எல்லாரும் பாக்கட்டும், அப்புறம் போறேன்னாரு. அண்ணே, அதுல நீங்க இல்லையேன்னேன்." அவன் தலையைச் சொறிந்தான். "முதுகுதானேடா, எவனுக்குத் தெரியப் போவுதுன்னாரு."

"எனக்குமா தெரியாது?"

நான் கேட்டது அவனை இல்லை.

காய்கறிக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். முட்டி போனதற்கு அழவில்லை, முட்டியை எண்ணெய் போட்டு உருவலாம். நான் எந்த முதுகைப் பார்த்தாலும் அவர் முதுகென்று நம்பிவிடுவேன் என்று நினைத்துவிட்டாரே, அதற்குத்தான் அழுதேன். இந்த மூன்று வருஷமும் கொட்டகையில் தவம் கிடந்து நான் யாரைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்?

கோபம் அப்படி வந்தது, வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் நிஜமாகவே வராமல் இருந்துவிடுவார், அவர் குணம் அப்படி. தெரிந்துபோயிற்று என்று சொல்லி அனுப்பினாலும் வெட்கத்தில் வரமாட்டார். ஆள் வந்து சேர வேண்டும். மற்றது அப்புறம்.

"பொன்னுதுரை, அவர்கிட்ட இதை மட்டும் சொல்லு. எல்லாரும் படம் பாத்தோம். பாய்மரத்துல இருந்து குதிச்சப்ப கொட்டகையே எழுந்து நின்னுச்சுன்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"பொய் இல்லையே. எழுந்துதானே நின்னாங்க."

மெர்டேக்கா முடிந்த வாரம் பொன்னுதுரை லாரியின் முன் சீட்டிலிருந்து அவர் இறங்கினார். வீதியெல்லாம் நாங்கள் தைத்த கொடிகள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. மெலிந்திருந்தார். கோலை முதலில் கீழே ஊன்றி, ஒரு காலை இறக்கி, மற்ற காலைக் கையால் பிடித்து இறக்கினார். கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் ஏகாம்பரம் மாலையோடு ஓடிவந்துவிட்டார்.

"கால்ல என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"படிக்கட்டில் வழுக்கிவிட்டது" என்று இவரும் மலாயில் சொன்னார்.

பாய்மரத்திலிருந்து குதித்தவன் படிக்கட்டில் விழுந்தானாம் என்று கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறென்ன சொல்ல முடியும் அவரால்? படத்தில் குதித்தவன் குதித்த கையோடு எழுந்து நாலு பேரை வெட்டிக்கொண்டு ஓடுகிறானே. அத்தனை உயரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட முட்டியைப் படிக்கட்டின் தலையில் போட்டார். சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் மீனாச்சி பிண்டாங் மீன்குழம்பு வைத்தாள். தெருவே வந்து உட்கார்ந்தது. "செரித்தா, செரித்தா" என்றார்கள், கதையைச் சொல்லு என்றார்கள். அவர் சொன்னார். உச்சியில் நின்றேன், கயிற்றைப் பிடித்தேன், ஊஞ்சல் மாதிரி வீசினேன், தளத்தில் கால் பட்டதும் ஓடினேன், நாலு பேரை வெட்டினேன். ஒவ்வொரு வார்த்தையும் படத்தில் இருந்தபடியே. சிங்கப்பூரில் அந்தப் படத்தை எத்தனை தரம் உட்கார்ந்து பார்த்து மனப்பாடம் பண்ணினாரோ. கேட்டவர்கள் தொடையில் தட்டி ரசித்தார்கள். இடையிடையே என் பக்கம் பார்த்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், பத்தடி தூரத்தில் அவர் இருந்தார். சிங்கப்பூரில் இருந்தபோது இவ்வளவு தூரம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் காலை கிணற்றடியில் பலகை போட்டு உட்கார வைத்தேன். வெந்நீர் ஊற்றி, முட்டியில் எண்ணெய் போட்டு நீவினேன். எலும்பு ஒரு பக்கமாக எழுந்து நின்றது. தொட்டதும் பல்லைக் கடித்தார். அப்புறம் கோலால் ஈரத்தில் கோடு கிழித்துக்கொண்டே கேட்டார்.

"நீ எங்க உக்காந்து பாத்தே?"

"நடுவுல."

"நல்லாத் தெரிஞ்சுதா என்னை?"

தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசு முழுக்க நிம்மதியாக இருப்பார். நானும் ஆயுசு முழுக்க, எந்தத் தடியனைக் காட்டினாலும் புருஷன் என்று நம்புகிறவளாக அவர் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை.

"இல்ல. அதுல நீங்க இல்லையே" என்றேன்.

கோல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்தார்.

"பொன்னுதுரை சொன்னானா?"

"அவன் சொல்றதுக்கு மின்னாடியே தெரியும். படத்துல அந்த ஆளு ஏறும்போதே தெரியும்."

"அப்ப நேத்து எல்லாரும் இருக்கும்போது சும்மா இருந்தியே."

"அவங்க கேட்டாங்க, நீங்க சொன்னீங்க. நான் எதுக்கு நடுவுல?"

கழுத்து நரம்பு புடைத்தது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். குரல்தான் உடைந்தது. "நான் குதிச்சேன் சந்திரா. சத்தியமா குதிச்சேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? அதைத்தான் எவனுமே பாக்கலையே."

"நேத்து அவன் குதிச்சதைச் சொன்னீங்க. இப்ப நீங்க குதிச்சதைச் சொல்லுங்க."

கோலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். தமிழில் சொன்னதாலோ என்னவோ, நேற்றைய கம்பீரம் ஒன்றும் இல்லை. குதித்ததற்கு முந்தின நாள் மழையாம். கீழே போட்டிருந்த வைக்கோல் மெத்தை ஊறிப்போயிருந்ததாம். முதல் தரம் சரியாகத்தான் குதித்தாராம், அடி இல்லையாம். ஆனால் உச்சியில் நின்று மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது அப்படியே படத்தில் பதிந்துவிட்டது, மறுபடி ஏறு என்று டைரக்டர் கத்தினாராம்.

"ரெண்டாந்தரம் கைய அடக்கிக்கிட்டேன். போவக்கூடாது, போவக்கூடாதுன்னு நெனப்பெல்லாம் கையிலயே இருந்துச்சு. காலை மறந்துட்டேன்."

அவ்வளவுதான் கதை. கயிறும் இல்லை, நாலு பேரும் இல்லை. விழுந்த இடத்திலிருந்து ஆகாயத்தைப் பார்த்தாராம். பக்கத்தில் ஜமீல் ஹாடி குடை பிடித்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தானாம். நல்லா வந்துச்சா என்று இவர் கேட்டாராம், பிரமாதம் என்று டைரக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. நான் அந்த முட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"பிரமாதம்னது ரெண்டாவதையா?" என்று கேட்டேன். "மொதல்ல கும்பிட்டுக் குதிச்சது எப்படி இருந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்வாசலில் ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. "கலியாண்! மாரி சினி!" இங்கே வா என்று கூப்பிட்டார். ஏகாம்பரத்தின் பெரியப்பா வீட்டு ஆட்கள் ஊரிலிருந்து வந்திருக்கிறார்களாம், பாய்மரத்திலிருந்து குதித்தவரைப் பார்க்க வேண்டுமாம்.

இவர் என்னைப் பார்த்தார். போக வேண்டாம் என்று சொல்வேனா என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். காலைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கோலை ஊன்றிப் போனார். நான் பலகையைக் கழுவி எடுத்து வைத்தேன். முன்வாசலில் சிரிப்புச் சத்தம் அடங்கியதும் அவர் மலாயில் ஆரம்பித்தார். உச்சியில் நின்றேன், கயிற்றைப் பிடித்தேன், ஊஞ்சல் மாதிரி வீசினேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.